பூர் நூலகத்திலிருந்து சிறுப்பிட்டி வரை

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் டேனியல் பூர் நினைவு நூலகம். மதிய வெயிலுக்கு ஒதுங்கப் போய், பொழுது சாயும்வரை அங்கேயே இருந்துவிடுவேன். அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பிறகு தமிழ் ஆசிரியையாகிக் கலித்தொகை நடத்தத் தொடங்கினேன். அதை 1887ல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் பூர் மறுபடி எதிரே வந்தார். பிள்ளை படித்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில், அதாவது அமெரிக்க மிஷன் நடத்திய உயர்கல்விக் கூடத்தில். அதன் முதல் தலைவர், அமெரிக்கப் பாதிரியாரான இதே பூர். அங்கும் அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. போக வேண்டும், போக வேண்டும் என்று இருபது வருடம் ஓடிவிட்டது. 2025 பிப்ரவரியில் போய்வந்தேன். துணைக்கு அண்ணி.

பிப்ரவரி 1, சனி. யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். மதுரையிலிருந்து சென்னைக்கு வரத்தான் ஓர் இரவு முழுவதும் ஆனது. விமானம் தாழ இறங்கும்போது கீழே பனை, பனை, மேலும் பனை. அண்ணி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "நம் ராமநாதபுரம் மாதிரியே இருக்கிறதே" என்றார்.

நம் ஒரு ரூபாய் அப்போது அங்கே ஏறத்தாழ மூன்றரை ரூபாயாக இருந்தது. இது பழகுவதற்குள் முதல் நாள் முழுவதும் எல்லா விலையும் பயமுறுத்தியது. சாதாரணக் கடையில் இரண்டு பேர் மதியச் சாப்பாடு 900 ரூபாய் என்றதும் அண்ணி கை கழுவப் போகாமல் நின்றுவிட்டார். நான் மனக்கணக்குப் போட்டுச் சொன்ன பிறகே உட்கார்ந்தார். வாழையிலையில் சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைப்பூச் சம்பல். கடைசியில் சொதி. நாம் ரசம் ஊற்றிக்கொள்ளும் இடத்தில் அவர்கள் இந்தத் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொள்கிறார்கள். மஞ்சள், பச்சை மிளகாய், எலுமிச்சை, அவ்வளவுதான். வயிற்றுக்கு இதமாக இருந்தது.

தங்கிய விடுதியில் மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் பழுது. இரவு ஒன்பதுக்கு இரண்டு வாளி வந்தது. பயணக் களைப்போடு அது சற்று வருத்தியது. தண்ணீர் வரும்வரை அறையில் இருக்க மனமில்லாமல் பொது நூலகம்வரை நடந்துபோய் வெளியே நின்று பார்த்தோம். 1981ல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட வெள்ளைக் கட்டடம். புத்தகம் தேடி வந்திருப்பதாக நான் சொன்ன ஒவ்வொருவரும், ஆட்டோ ஓட்டுநரிலிருந்து கடைக்காரர்வரை, "நூலகத்தைப் பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். இந்த ஊரில் புத்தகம் என்ற பேச்சு அங்கே போகாமல் முடிவதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு. வட்டுக்கோட்டை, தேவாலயம்

காரைநகர் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஞாயிறு என்பதால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நடத்துநர் சொன்ன "சங்கரத்தை" என் காதில் நாங்கள் போகவேண்டிய இடம் மாதிரி விழ, அவசரமாக இறங்கிவிட்டோம். பஸ் போன பிறகுதான் இன்னும் ஒரு மைல் நடக்க வேண்டும் என்று தெரிந்தது. போதாததற்கு, பனைமட்டை வேலிகளுக்கு நடுவே நூறு அடி நடப்பதற்குள் அண்ணியின் செருப்பு வார் அறுந்தது.

அங்கே நடந்ததை மறக்க முடியாது. ஒரு வீட்டு வளவுக்குள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் செருப்பை எடுத்து வந்து அண்ணியின் காலடியில் வைத்தார். "போட்டுக்கொண்டு போங்கள் தங்கச்சி. நாளைக்கு இந்த வழியால் வரும்போது தந்தால் போதும்." நாளைக்கு வருவோம் என்று நாங்கள் சொல்லியிருக்கவே இல்லை. இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றதும், வெயிலில் போகாமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். பால் இல்லாத தேநீர். சீனிக்குப் பதில் கையில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. ஒரு மைல் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

தேவாலயத்தில் காலை ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். போர்த்துக்கேயர் காலத்துக் கோயில். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1678ல் திருப்பிக் கட்டினார்கள். அமெரிக்கர்கள் இங்கே வந்தபோது பாழடைந்து கிடந்திருக்கிறது. ஆட்சி மூன்று கை மாறியும் சுவர் நிற்கிறது. அந்தச் சுவரைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரை உதிர்ந்த ஓரிடத்தில் உள்ளே இருக்கும் கல் தெரிந்தது. முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்க ஊசிமுனைத் துளைகள். ஒரு துளைக்குள் சோழியை விடச் சிறிய சிப்பி ஒன்று அப்படியே பதிந்திருந்தது. விரல் வைத்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது. கடலிலிருந்து வெட்டியெடுத்த கல், முந்நூறு வருடம் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், நான் சுவரையே பார்ப்பதைக் கண்டு அருகே வந்தார். "பிள்ளை எங்கிருந்து?" என்றார். மதுரை என்றேன். "பூர் ஐயர் இருந்த ஊர் அல்லவா?" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பூர் 1836ல் மதுரைக்கு வந்து, ஊரூராகப் பள்ளிக்கூடம் திறந்து, 1841ல்தான் யாழ்ப்பாணம் திரும்பினார். மதுரையில் அவர் பெயர் தாங்கிய கட்டடத்திலேயே படித்த எனக்குத் தெரியாமல் இருந்த செய்தி, வட்டுக்கோட்டையில் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவருக்குத் தெரிந்திருந்தது.

பிப்ரவரி 3, திங்கள். யாழ்ப்பாணக் கல்லூரி

முதல் வேலையாகச் செருப்பைத் திருப்பிக் கொடுத்தோம். மதுரையிலிருந்து கொண்டுபோன முறுக்குப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தோம். பதிலுக்கு அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு வந்தது. பேசிப் பேசி அரைமணி நேரம் அங்கேயே ஓடியது.

கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இப்போது அது பள்ளி. வகுப்பு நடக்கும் நேரம். அலுவலகத்தில் காரணம் சொன்னோம். தமிழ் ஆசிரியை என்றதும் அன்போடு அனுமதித்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கே வந்திருந்தார். எங்களோடு சுற்றிக்காட்ட அவரே முன்வந்தார்.

1823ல் அமெரிக்க மிஷன் இங்கே செமினரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்ற இன்னும் 34 வருடம் இருந்த காலம். கணிதம், வானியல், தத்துவம், ஆங்கிலம், தமிழ் இலக்கியம், வடமொழி எல்லாம் இந்தப் பனங்காட்டுக்குள் நடந்தன. இலங்கையின் பிரித்தானிய ஆட்சியில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னண்ட் இங்கே வந்து பார்த்து, பாடங்களின் விரிவில் இது பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு ஈடானது என்று எழுதினார்.

ஆட்லி மண்டபத்தின் முன் நின்றோம். இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் ரிச்சர்ட் ஆட்லி செமினரிக்குப் பொருள் கொடுத்தவர். அந்த நன்றிக்காக அவர் பெயர். உள்ளே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. இரண்டு மாணவிகள் மேடையில் ஏதோ பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "வணக்கம்" என்றார்கள். தொடருங்கள் என்றேன், பின்வரிசையில் உட்கார்ந்து முழுப் பேச்சையும் கேட்டோம். அண்ணி கைதட்டினார்.

ஆசிரியர் ஒரு கதை சொன்னார். 1829ல் சந்திர கிரகணம். பக்கத்து ஊரான அராலியில் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரமும் பூர் கணித்த நேரமும் கால் மணி நேரம் வேறுபட்டன. எது சரியென்று ஊரே அன்று இரவு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். கிரகணம் பூர் சொன்ன நேரத்தில் பிடித்தது. கதையைச் சொல்லிவிட்டு ஆசிரியர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை எழுதி வைத்தவர்கள் மிஷன்காரர்கள். ஆனால் சாஸ்திரியாரும் கருவி ஒன்றும் இல்லாமல், பரம்பரைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கால் மணி நேர வித்தியாசத்துக்குள் வந்திருக்கிறார். அதையும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

அவர் காட்டித் தந்த இன்னொன்றுதான் அன்று என்னைத் தூங்கவிடவில்லை. அமெரிக்காவில் யாராவது ஒருவர் ஒரு மாணவனின் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயர் அந்தப் பையனுக்கு வைக்கப்படும். அந்தக் காலத்து யாழ்ப்பாண அறிஞர்களின் பெயர்களைப் பாருங்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. முகம் பார்த்தறியாத ஒருவரின் பெயரை ஒரு பையன் வாழ்நாள் முழுக்கச் சுமந்தான். நீதிபதிக்கு ஒரு மண்டபம் நினைவுச் சின்னம் என்றால், கடலுக்கப்பால் இருந்த அந்தக் கொடையாளிகளுக்குப் பிள்ளைகளே நினைவுச் சின்னம் ஆனார்கள். உதவி பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வயதில் அம்மா வைத்த பெயரோடு இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொண்டு விடுதித் திண்ணையில் நின்ற பையனை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்கள் தமிழ்ப் பெயரையும் விடவில்லை என்பது ஆறுதல். ஆர்னல்டும் சதாசிவமும் ஒன்றாகவே நின்று, 1886ல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற புலவர் வரலாற்றை நமக்குத் தந்தார்கள்.

நூலகத்துக்குப் போனோம். பூரின் பெயர். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். மதுரையில் அதே பெயரின் கீழ் பதினெட்டு வயதில் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது.

பூர் 1855 பிப்ரவரித் தொடக்கத்தில் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். நாங்கள் போனபோது அதற்குச் சரியாக 170 வருடம். அதே ஆண்டு மிஷன் தலைமையிடத்திலிருந்து வந்த குழு, ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் அரசு வேலைக்கே போய்விடுகிறார்கள், ஊருக்கும் சபைக்கும் பயனில்லை என்று முடிவுசெய்து செமினரியை மூடிவிட்டது. பழைய மாணவர்களும் ஊராரும் விடவில்லை. 1872ல் அது யாழ்ப்பாணக் கல்லூரியாகத் திரும்பத் திறந்தது. மூடிய இடத்தைத் திறக்க வைத்தவர்கள் படித்தவர்கள்தான் என்பதை நான் என் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

பிப்ரவரி 4, செவ்வாய். மானிப்பாய், உடுவில்

இலங்கைச் சுதந்திர தினம். விடுமுறை என்பது அடியோடு மறந்துபோயிருந்தது. காலையிலேயே மழை வேறு. பிப்ரவரியில் இப்படிப் பெய்வது வழக்கமில்லை என்று விடுதிப் பையன் சொன்னான். குடை இல்லை. ஆட்டோ பிடித்தோம்; இரண்டு ஊரும் போய்வர 3,500 ரூபாய் கேட்டு, மழையைப் பார்த்து 3,000க்கு இறங்கினார். மழை என்றால் நம் ஊரில் வாடகை ஏறும்.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பெயரில் நினைவு மருத்துவமனை. 1847ல் வந்தவர். தமிழ் மாணவர்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லித்தர முடியும் என்று நம்பி, அதைச் செய்தும் காட்டினார். இரணவைத்தியம் (அறுவை மருத்துவம்) 1867ல், கெமிஸ்தம் (வேதியியல்) 1875ல் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவ அறிவியல் தமிழில் அச்சானது. தம் மாணவர்கள் வேட்டி சால்வையை விட்டுக் கால்சட்டைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. 1884ல் அமெரிக்காவில் இறந்தார். அங்குள்ள அவர் கல்லறையில், அவர் விருப்பப்படியே, தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று பொறித்திருக்கிறார்கள். மருத்துவத்தைத் தமிழில் சொல்லித்தர முடியுமா என்று இன்றைக்கும் நம் ஊரில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்தச் சாலையில் அது நடந்துவிட்டது. எனக்குக் கோபமே வந்தது.

இதே மானிப்பாயில்தான் 1842ல் 58,500 சொற்களோடு மானிப்பாய் அகராதியும் அச்சானது. மழைக்கு ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியபோது அதை அண்ணியிடம் சொன்னேன். பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டு, "அத்தனைச் சொல்லையும் கையால் கோத்திருப்பார்கள் இல்லையா?" என்றார். ஆமாம், ஈயத்தில் ஒவ்வொரு எழுத்தாக. நான் அதுவரை அச்சுக்கோத்தவர்களை நினைத்தே பார்த்திருக்கவில்லை.

உடுவில் மகளிர் கல்லூரிக்குப் போனபோது விடுமுறை என்பதால் வாயில் பூட்டியிருந்தது. மழையில் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். 1824ல் ஹாரியட் வின்ஸ்லோ தொடங்கிய விடுதிப் பள்ளி. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். அவர் 1833ல் இங்கேயே இறந்தார். அவர் கணவர் மைரன் வின்ஸ்லோதான் 1862ல் வந்த பெரிய தமிழ் – ஆங்கில அகராதிக்கு உரியவர். பிறகு எலைசா ஆக்னியூ 1840 முதல் ஏறத்தாழ நாற்பது வருடம் இங்கே தலைமை ஆசிரியை. பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் பாடம் சொல்லித்தந்து, ஒரு முறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1883ல் இந்த மண்ணிலேயே கண்மூடினார்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர் அண்ணி. நான் சொல்லி முடித்த பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "இந்த அம்மா நம் ஊருக்கு வந்திருக்கக் கூடாதா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோக்காரரும் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்ததற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

பிப்ரவரி 5, புதன். சிறுப்பிட்டி

அண்ணிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அறையில் படுத்துக்கொண்டார். நான் மட்டும் பஸ்ஸில் போனேன்.

செம்மண். மழை பெய்து முடிந்த செம்மண்ணுக்கு ஒரு நிறம் உண்டு; செங்கல்லைத் தண்ணீரில் நனைத்த மாதிரி. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம், புகையிலை. 1832ல் இந்த ஊரில்தான் தாமோதரம்பிள்ளை பிறந்தார். வட்டுக்கோட்டையில் படித்து, கோப்பாயில் ஆசிரியராக இருந்து, பிறகு சென்னைக்குப் போனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: ஒருவர் இவர், இன்னொருவர் வட்டுக்கோட்டையில் இவருக்குப் பாடம் சொன்ன கரோல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகத் தேர்வு எழுதினார்கள். சென்னையின் முதல் பட்டங்கள் இரண்டும் இந்தச் செம்மண்ணுக்கு வந்தன.

வழக்கறிஞர் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி எல்லாம் அவருக்கு இருந்தன. அதற்கிடையில்தான் பழைய தமிழ் நூல்களின் ஓலை ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி. கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டாகப் பறக்கிறது என்று பதிப்புரையில் அவர் தவித்திருப்பதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் படித்துக்காட்டுகிறேன். ஒவ்வொரு வருடமும் குரல் தழுதழுக்கும்.

தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அவரைத் தெரியுமா என்று கேட்டேன். எழுபது வயதிருக்கும். மண்வெட்டியை ஊன்றி நின்று, "எங்கள் ஊர்ப் பெரிய மனிதர். இங்கிருந்து உங்கள் பக்கம் போனவர்" என்றார். போனவர் என்று அவர் சொன்ன விதத்தில், நேற்றுப் பஸ் ஏறிப் போன பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போல ஒரு நெருக்கம் இருந்தது. அவர் புத்தகத்தைத்தான் நான் நடத்துகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். குனிந்து, ஒரு பிடி வெங்காயத்தைத் தாளோடு முடிந்து, மண்ணை உதறி நீட்டினார். காசு எடுத்தபோது கையை ஆட்டிவிட்டார்.

இரவு ஒடியல் கூழ் குடித்தோம். மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, எல்லாவற்றுக்கும் மேலே பனங்கிழங்கு மாவின் லேசான கசப்பு. அண்ணி இரண்டு கோப்பை குடித்தார்.

பிப்ரவரி 10, திங்கள். மதுரை

வெங்காயத்தை விமானத்தில் கொண்டுவரவில்லை. விடுதிச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டேன். தாளில் ஒட்டியிருந்த செம்மண் மட்டும் கைப்பைக்குள் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது.

இன்று இரண்டாம் ஆண்டுக்குக் கலித்தொகை. கரும்பலகையில் பதிப்பாசிரியர் பெயரை எழுதி, அதன் கீழே "சிறுப்பிட்டி" என்று எழுதினேன். முன்வரிசைப் பெண் எழுந்து, "அது எந்த மாவட்டம் அம்மா?" என்று கேட்டாள். சாக்கட்டியை எடுத்து, முதலில் கடலை வரைந்தேன்.